கடைவீதியை யாருக்காகச் சீரமைப்பது?

"உங்கள் ஊர்க் கடைவீதியில் என்ன மாற வேண்டும்?" என்று போன இதழில் கேட்டிருந்தோம். தாம்பரத்திலிருந்து மட்டுமே ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை எல்லாக் கேள்விகளும் அந்த ஊருக்கே. பதில் சொல்பவர், நகராட்சிகளில் நகரமைப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது சேலையூரில் வசிப்பவர்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மாலை நேரத்தில் வயதானவர்கள் நடக்கவே முடியவில்லை. நடைபாதைக் கடைகளை மொத்தமாக எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மேற்குத் தாம்பரம்

தீராது, ஐயா. நெரிசல் உண்மைதான், நானும் அங்கேதான் காய் வாங்குகிறேன். அடுத்த முறை போகும்போது உங்களை நடுரோட்டுக்குத் தள்ளுவது எது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். கீரை விற்கும் அம்மா விரித்திருப்பது ஒரு சாக்கு. அதற்குப் பின்னால் பெரிய கடைகளின் படிக்கட்டும் தகரக் கூரையும் பெயர்ப்பலகையும் தெருவுக்குள் இறங்கி நிற்கின்றன. முன்னால் பைக்குகள், வரிசை வரிசையாக. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வண்டி வந்தால் முதலில் ஏறுவது அந்தச் சாக்குதான். மறுநாளே அந்த அம்மா திரும்பி வந்துவிடுவார். அவரிடம் வாங்குகிற நாம் அந்த வழியாகத்தானே போகிறோம்?

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்குகிறவர் வீட்டுக்குப் போகிற வழியில் காய், பூ, பழம் வாங்குகிறார். அந்த வழியில்தான் வியாபாரம் உட்காரும். தூரத்தில் ஒரு கட்டடம் கட்டி, மாடியில் கடை ஒதுக்கினால் யார் ஏறி வருவார்கள்? சென்னை தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளுக்கு மாநகராட்சி வளாகம் கட்டிக் கொடுத்தபோது, மேல் தளத்துக்கு ஆள் வருவதில்லை என்றுதான் அவர்கள் முறையிட்டார்கள்.

சட்டமும் நீங்கள் நினைக்கிற பக்கம் இல்லை. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்து விற்பனைச் சான்று கொடுத்து முடிக்கும் வரை ஏற்கெனவே விற்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகு இடம் மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எந்த இடத்தில் விற்கலாம், எங்கே கூடாது என்பதில் நகர விற்பனைக் குழுவைக் கலந்தாக வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள்.

அதற்காக உங்கள் கால் வழுக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல் இருக்கிறது. கடைவீதிக்கு அதைவிட அகலம் வேண்டும். அந்த 1.8 மீட்டர் என்பது, சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தால் விலகிப் போகிற இடம். நாம் கேட்க வேண்டியது இந்த அகலத்தைத்தான். அதற்குத் தரையில் ஒரு கோடு போடட்டும். அதைத் தாண்டிச் சாக்கும் வரக் கூடாது, ஜவுளிக்கடையின் படியும் வரக் கூடாது, என் ஸ்கூட்டரும் வரக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வியாபாரிகளுக்கு எண் போட்ட இடம் கொடுக்கலாம். எடுக்கிறதென்றால் பெரிய கடையின் நீட்டலை முதலில் எடுக்கட்டும். அதைப் பார்த்த பிறகு சின்ன வியாபாரி தானாகவே உள்ளே தள்ளி உட்காருவார் என்பது என் நம்பிக்கை.

நீங்கள் சொல்கிறபடி நடைபாதையை அகலப்படுத்தினால் வண்டி நிறுத்த இடம் போய்விடும். எங்கள் வியாபாரம் என்ன ஆவது?
- பாத்திரக்கடை உரிமையாளர்

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகையும் ஆள் சம்பளமும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும். தியாகராய நகர் பாண்டி பஜாரிலும் வியாபாரிகளுக்கு இந்தப் பயம் இருந்தது. 2019 நவம்பரில் அங்கே அகல நடைபாதை திறக்கப்பட்டது. இன்று ஒரு மாலை நேரத்தில் போய், குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பாருங்கள். அங்கும் குறைகள் உண்டு. தடுப்புக் கல் பெயர்ந்த இடத்தில் பைக் ஏறிவிடுகிறது. ஆனால் கடைத்தெரு காலியாகிவிடவில்லை.

ஒரு சனிக்கிழமை, கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் எப்படி வந்தீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ரயிலா, பஸ்ஸா, நடந்தா, வண்டியா? உங்கள் கடை வாசலில் நிற்கிற பைக்கில் எத்தனை வாடிக்கையாளருடையது, எத்தனை காலையில் நிறுத்திவிட்டு ரயில் ஏறியவருடையது என்பதையும் பாருங்கள். அந்த நோட்டை வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். குடம், அண்டா வாங்குகிறவர்களுக்கு ஏற்றி இறக்கக் கொஞ்ச நேரம் வண்டி நிற்க இடம் வேண்டும் என்றால் அதைத் தாராளமாகக் கேட்கலாம், நானும் உங்களோடு நின்று கேட்கிறேன்.

நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் வந்தால் இரவு கடை மூடும் வரை இங்கேதான். பெண்கள் போகிற மாதிரி ஒரு கழிப்பறை இல்லை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். இதைக் கடைவீதித் திட்டத்தில் யாராவது சேர்ப்பார்களா?
- விற்பனைப் பெண், தாம்பரம்

வந்த கடிதங்களில் எனக்கு மிக முக்கியமானது உங்களுடையது, அம்மா. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம், சிறுநீரகத்துக்கும் கேடு. தயவுசெய்து குடியுங்கள்.

நாள் முழுக்க நிற்கிற ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த நாற்காலி உங்களுக்கு உரிமை. கடைக்குள் கழிப்பறை செய்து தருவதும் முதலாளியின் பொறுப்பு. மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதலாம். தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் நாலைந்து கடைப் பெண்கள் சேர்ந்து எழுதுங்கள்.

தெருவுக்கான கழிப்பறையை எங்கே வைப்பது என்பதில்தான் என் அனுபவம் பேசும். மீதி இடம் எது என்று தேடி, இருட்டுச் சந்தில் கொண்டுபோய் வைத்தால், கட்டி முடித்த வருஷமே பூட்டு தொங்கும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில், ரயில் நிலையத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகிற வழியில் அது இருக்க வேண்டும். கடைசி ரயில் வரை திறந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஒரு பெண் காவலர், நாப்கின் போடத் தொட்டி, கதவுக்கு உள்தாழ்ப்பாள், தண்ணீர். வரைபடத்தில் முதலில் குறிக்கப்படுவது இதுவாக இருந்தால்தான் நடக்கும். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

கடைவீதி முகப்பில் அழகான வளைவு, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஓர் இடம் வைத்தால் ஊருக்குப் பெருமைதானே?
- வாசகர், முடிச்சூர்

வேண்டாம். முந்தைய கடிதத்தைப் படியுங்கள். அந்தப் பணம் முதலில் அங்கே போகட்டும், அப்புறம் நிழலுக்கு நாலு புங்கமரம்.

யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது. நாங்கள் மாணவர்கள் சேர்ந்து மனு கொடுத்தால் மதிப்பார்களா?
- கல்லூரி மாணவி, கிழக்குத் தாம்பரம்

கைகாட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ரயில் நிலையம் ரயில்வேக்கு, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, உள்தெருக்கள் மாநகராட்சிக்கு, கம்பங்கள் மின்வாரியத்துக்கு, சிக்னல் போலீஸுக்கு. நீங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நடந்து போகிற அந்தச் சிறு தூரத்துக்குள் இத்தனை எல்லைகள். அதனால்தான் நடைபாதை பாதியில் நிற்கிறது.

ஆனால் பேச ஓர் இடம் இருக்கிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் பகுதி சபை கூட வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்து மக்கள் சொன்னதைக் கேட்டார். கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூடவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

மனுவில் 'கடைவீதியை மேம்படுத்த வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த இடத்தில் நடைபாதை எத்தனை அடி உடைந்திருக்கிறது, எந்தக் கம்பம் வழியை மறிக்கிறது, எங்கே சாலையைக் கடக்க முடியவில்லை என்று புகைப்படத்தோடு, அளவோடு எழுதுங்கள். ஒரு டேப்பும் ஒரு ஞாயிறும் போதும். ஏற்கெனவே ஏதாவது திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். நீங்கள் அளக்கப் போகும்போது பார்வையற்ற நண்பர் ஒருவரையும், அந்தத் துணிக்கடைப் பெண்ணைப் போன்ற ஒருவரையும் கூட்டிப் போனால் நல்லது. மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.