அப்பாவின் மாலை பஜ்ஜி: எத்தனை வரை கொடுக்கலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் தேநீரோடு வாழைக்காய் பஜ்ஜி கேட்கிறார். "காய்தானே, கடலை மாவும் நல்லதுதானே" என்கிறார். கொடுக்கலாமா? பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்: அப்பா சொல்வதில் பாதி உண்மை. கடலை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. மைதாவைப் போல அது சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. வாழைக்காயைத்தான் காய்க் கணக்கில் சேர்க்க முடியாது. அதில் மாவுச்சத்தே அதிகம். வெங்காயமோ குடைமிளகாயோ போடுவது அவருக்கு நல்லது.

என் கவலை எண்ணெயைப் பற்றியது. ஒரு கிராமுக்கு 9 கலோரி. வாணலியில் ஊற்றும் எண்ணெயை அளந்துகொள்ளுங்கள். பொரித்து ஆறியபின் மீதியை அளந்து, குறைந்ததை பஜ்ஜிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

வேகும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் புகாது. எடுத்தபின் ஆவி அடங்கும்போதுதான், மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே எடுத்த கணமே கரண்டியை வாணலி மேல் சாய்த்துப் பிடித்து நன்றாக வடியவிடுங்கள். பிறகு சமையலறைத் தாளில் ஒற்றுங்கள். செய்தித்தாள் கூடாது, அச்சு மை ஒட்டும். சோடா உப்பு அதிகமானால் பஜ்ஜி எண்ணெய் குடிக்கும். காயாத எண்ணெயில் போட்டாலும் அப்படித்தான். ஒரு துளி மாவு விட்டால் அடியில் தங்காமல் பொரிந்து மேலே வர வேண்டும்.

மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். அதில் மறுபடி பொரிக்க வேண்டாம். கடைகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. கறுத்து, நுரைத்துப் பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள்.

தினமும் வேண்டாம். வாரம் ஒரு நாள், இரண்டு பஜ்ஜி, சர்க்கரை போடாத தேநீர். அன்றிரவு ஒரு இட்லி குறையட்டும். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், ஒரு மணி நேரத்தில் பார்க்கும் சர்க்கரை அளவு குறைவாகத் தெரிந்து ஏமாற்றலாம். இரவு உணவுக்கு முன் ஒருமுறை, மறுநாள் வெறும் வயிற்றில் ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.