முதல் சுற்று உறுதி என்றால் போகட்டும், இல்லையென்றால் காலேஜ்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு படிக்கிறான், கூடைப்பந்தில் நல்ல பெயர் எடுத்திருக்கிறான். டிராவல் டீம் (பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் அணி) கோச் "இவனுக்கு எதற்குக் காலேஜ், நேராகச் சம்பளத்துக்கு ஆடும் ப்ரோ ஆகலாம்" என்கிறார். அவன் அப்பாவோ "முதலில் டிகிரி, பந்தெல்லாம் பிறகு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். நடுவில் நீங்கள், யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். கோச் சொல்வது இன்றைய விதிப்படியே நடக்காது. அப்பா சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் கவனம் வேண்டும்.

ஹைஸ்கூல் முடித்த கையோடு, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ். பையன்கள் வாயில் வருவது இந்த மூன்று பெயர்கள்தான். அதே வழியில் போன லெனி குக்கை அவர்களுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் லெப்ரானோடு சேர்த்துப் பேசப்பட்டவர் அவர். 2002 டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை இரண்டு சுற்றாக வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பெயர் கொடுத்தார், எந்த அணியும் எடுக்கவில்லை. கோர்லியோன் யங் 1998இல் இரண்டாம் சுற்றில் தேர்வானார், என்.பி.ஏ.வில் அவர் ஆடியது மொத்தம் 3 ஆட்டம். இருவருமே திறமைசாலிகள். திரும்பிப் போய்ச் சேரக் காலேஜ் இல்லாததுதான் அவர்களைக் கீழே தள்ளியது.

2005இல் லீக்கும் வீரர்கள் சங்கமும் ஒப்பந்தம் போட்டு அந்தக் கதவை மூடின. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்காவில் படித்தவர் என்றால் ஹைஸ்கூல் முடித்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு வருடம் வேறெங்காவது ஆடித்தான் ஆக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

காலேஜைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008இல் இத்தாலிக்குப் போய் ரோம் அணிக்கு ஆடினார். அடுத்த வருடம் 10ஆவது ஆளாகத் தேர்வானார். லமெலோ பால் ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு 2020இல் 3ஆவது இடத்தில் வந்தார். அட்லாண்டாவில் ஓவர்டைம் எலீட் என்று, பள்ளி வயதுப் பையன்கள் ஆடும் ஒரு லீக் நடக்கிறது. 2023இல் அங்கிருந்து தாம்சன் இரட்டையர் 4ஆவது, 5ஆவது இடங்களில் போனார்கள். என்.பி.ஏ.வே 2020இல் "இக்னைட்" என்று ஓர் அணி தொடங்கி, ஹைஸ்கூல் முடித்தவர்களுக்குக் கைநிறையச் சம்பளம் கொடுத்தது. அதை 2024இல் இழுத்து மூடிவிட்டார்கள்.

ஏன் மூடினார்கள் என்பது உங்கள் கேள்விக்கு முக்கியம். முன்பெல்லாம் காலேஜில் ஆடும் பையன் ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். வீட்டில் கஷ்டம் இருந்தால், காலேஜை விட்டு ஓடுவதற்கு அதுவே போதுமான நியாயம். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்று, காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விட்டுக்கொடுத்தது. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து, நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி, பல்கலைக்கழகமே வருமானத்தில் பங்கு கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அமெரிக்கக் கால்பந்துக்குத்தான் பெரும்பங்கு போகும். ஆனாலும் நல்ல கூடைப்பந்து வீரனுக்குக் காலேஜிலேயே காசு வருகிறது. இக்னைட் கொடுத்ததைக் காலேஜே கொடுக்கும்போது இக்னைட் எதற்கு? அதனால் "காசுக்காகக் காலேஜை விடணும்" என்ற பழைய வாதம் இப்போது செல்லுபடியாகாது. கோச் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்.

இடம் எவ்வளவு குறைவு என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் ஹைஸ்கூல் அணிகளில் ஆடும் பையன்கள் 5 லட்சத்துக்கு மேல். என்.பி.ஏ. டிராஃப்டில் இரண்டு சுற்றும் சேர்த்து அதிகபட்சம் 60 இடம். அதிலும் உலகம் முழுவதிலுமிருந்து ஆள் வருகிறார்கள். 2023, 2024 இரண்டு வருடமும் முதலாவதாகத் தேர்வானவர்கள் பிரான்சிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் பெருமையாகச் சொல்லும் சத்னம் சிங் 2015இல் 52ஆவதாகத் தேர்வானார், டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. தேர்வாவது வேறு, ஆடுவது வேறு.

அந்த 60க்குள்ளும் ஒரு கோடு இருக்கிறது. முதல் சுற்றின் 30 இடத்தில் வருபவருக்கு இரண்டு வருடச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது வருடம் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் கிடையாது. ஒப்பந்தம் வரலாம், வராமலும் போகலாம்; என்.பி.ஏ.வுக்குக் கீழ்ப்பட்ட ஜி லீக்குக்கு அனுப்பலாம். ஜி லீக்கின் வழக்கமான சம்பளம் வருடத்துக்கு 40,000 டாலரை ஒட்டித்தான். இன்று நல்ல காலேஜ் அணியில் ஆடும் பையன் பலபேருக்கு அதைவிட அதிகம் வருகிறது, படிப்பும் கூடவே.

இதிலிருந்துதான் என் பதில் வருகிறது. முதல் சுற்று உறுதி என்று நம்பகமான இடத்திலிருந்து தகவல் வந்தால், டிகிரிக்காகப் பையனைப் பிடித்து வைக்காதீர்கள். அவன் அப்பாவிடம் இதை நீங்கள் சொல்லத்தான் வேண்டும். டிகிரி காத்திருக்கும், டிராஃப்ட் இடம் காத்திருக்காது. மைக்கேல் ஜோர்டன் மூன்று வருடத்தில் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார், 1986இல் டிகிரியை முடித்தார். ஷகீல் ஓ'நீல் 1992இல் கிளம்பி 2000இல் முடித்தார். பிறகு டாக்டர் பட்டமே வாங்கினார். ஸ்டீஃபன் கரி 2009இல் போனவர், 2022இல் டேவிட்சன் காலேஜ் டிகிரியை வாங்கினார். தங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் டிராஃப்டின் உச்சியில் போவார் என்று பேசப்பட்டவர். விதிப்படி ஒரு வருடம் மிசூரி பல்கலைக்கழகத்துக்குப் போனார், முதுகு போனது. 2018இல் 14ஆவது இடத்துக்கு இறங்கினார். அவருக்கு அந்த வருடம் கட்டாயம். கட்டாயம் இல்லாதவன் அந்த அபாயத்தை வேண்டுமென்றே எடுக்கக் கூடாது.

முதல் சுற்று உறுதி இல்லை என்றால் காலேஜில் இருக்கட்டும். இரண்டாவது வருடமோ நான்காவது வருடமோ, வெட்கப்பட ஒன்றுமில்லை. டேமியன் லில்லர்ட் வீபர் ஸ்டேட் என்ற, பலர் கேள்விப்படாத இடத்தில் நான்கு வருடம் இருந்து 6ஆவதாகத் தேர்வானார். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜேலன் பிரன்சன். வில்லனோவாவில் இரண்டு சாம்பியன் பட்டம் வென்று, மூன்றே வருடத்தில் டிகிரியையும் முடித்துவிட்டு 2018இல் கிளம்பினார். கிடைத்தது இரண்டாம் சுற்று, 33ஆவது இடம். இன்று நியூயார்க் அணியே அவரைச் சுற்றித்தான் சுழல்கிறது. சரிந்திருந்தாலும் கையில் பட்டம் இருந்திருக்கும்.

"உறுதி" என்பதை யாரிடம் கேட்பது? கோச்சிடம் அல்ல, கமிஷன் வாங்கப்போகும் ஏஜென்டிடம் அல்ல. காலேஜ் மாணவர்களுக்கு என்.பி.ஏ.விலேயே ஒரு ஆலோசனைக் குழு இருக்கிறது. கேட்டால் எந்தச் சுற்றில் வரக்கூடும் என்று மதிப்பிட்டுச் சொல்வார்கள். டிராஃப்டில் பெயர் கொடுத்து, அணிகள் முன்னால் ஆடிக் காட்டி, காம்பைனுக்கு (டிராஃப்டுக்கு முன் லீக் நடத்தும் சோதனை முகாம்) அழைப்பு வருகிறதா என்று பார்த்து, என்.சி.ஏ.ஏ. கெடுவுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றால் காலேஜுக்கே திரும்பலாம். முதல் வருட முடிவிலேயே இதைச் செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

இப்போது எனக்கு உண்மையில் பயம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். காலேஜுக்குப் போயும் டிகிரி இல்லாமல் வெளியே வருவது. காலேஜ் மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபின், படிப்பு நிபந்தனைகளை நிறைவு செய்தால் போதும், வருடாவருடம் காலேஜ் மாறலாம். அதிகம் கொடுக்கும் இடத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு காலேஜில் முடித்த பாடங்களின் கிரெடிட்டை அடுத்த காலேஜ் அப்படியே ஏற்காது. அதுவும் மேஜர் (முதன்மைப் பாடம்) மாறினால் பாதி வீண். மூன்று காலேஜ் மாறியவன் நான்காம் வருடத்தில் இரண்டாம் வருட மாணவனாக நிற்க நேரலாம். காலேஜ் விளையாட்டின் உச்ச மட்டமான டிவிஷன் 1இல் தொடர்ந்து ஆட, இரண்டாம் வருட முடிவில் டிகிரியில் 40 சதவீதம், மூன்றாம் வருட முடிவில் 60 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டுவதற்காகவே சில இடங்களில் பையன்களை ஏதாவது ஒரு சுலபமான மேஜரில் தள்ளிவிடுவார்கள். இன்ஜினியரிங் லேபும் மாலைப் பயிற்சியும் ஒரே நேரத்தில் வரும்போது எது தோற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வீரர்களைச் சேர்க்கும் காலேஜ் ஆள் வீட்டுக்கு வரும்போது மைதானத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை அவரே காட்டுவார். கேட்க வேண்டியவை இவை: உங்கள் அணியில் இப்போது இன்ஜினியரிங்கோ கம்ப்யூட்டர் சயின்ஸோ படிப்பவர் யாராவது இருக்கிறாரா? காயம்பட்டு ஆட முடியாமல் போனால் ஸ்காலர்ஷிப் தொடருமா? பாதியில் ப்ரோ ஆகி, பிறகு படிக்கத் திரும்பினால் கட்டணம் யார் கொடுப்பார்கள்? இந்தக் கோச் வேறு வேலைக்குப் போய்விட்டால் கொடுத்த வாக்குகள் நிற்குமா? பதில் எழுத்தில் வரட்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக்கிலும், கீழ் மட்டமான டிவிஷன் 3இலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஐவியில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிதான்; டிவிஷன் 3இல் மதிப்பெண்ணைப் பார்த்தும் தருவதுண்டு.

என்.ஐ.எல். பணம் பரிசுப் பணம் அல்ல, வரி கட்ட வேண்டிய வருமானம். அது வந்தால் தேவை அடிப்படையில் கிடைக்கும் படிப்பு உதவி குறையலாம். வருங்காலச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதிய எந்தத் தாளிலும், வழக்கறிஞர் பார்க்காமல், நீங்களோ அவனோ கையெழுத்துப் போட வேண்டாம்.

கடைசியில் ஒரு வரியில் "நாங்கள் இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். மகன் எச்-4இல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் அவன் வேலை செய்ய அனுமதி கிடையாது. விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்குவது வேலையாகக் கருதப்படலாம். 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினாலும், வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கட்டுப்பாடு உண்டு. கூட ஆடுகிற பையன் கார் வாங்கும்போது உங்கள் மகன் ஸ்காலர்ஷிப்போடு நிற்க நேரலாம். கோபம் வரும். இப்போதே அவனிடம் பேசிவிடுங்கள். பணம் வந்தால் வாங்கிக்கொள்ளலாமா என்பதைக் கோச்சைக் கேட்காமல் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். ஒரு தப்பு முழுக் குடும்பத்தின் விண்ணப்பத்தையும் பாதிக்கலாம்.

சின்னவளைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பெண்களுக்கு இந்தக் குழப்பமே குறைவு. அமெரிக்காவில் படிக்கும் பெண், பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போக, டிராஃப்ட் ஆண்டில் 22 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது காலேஜ் முடித்திருக்க வேண்டும். அவள் படித்துவிட்டே போவாள்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை. டிவிஷன் 1இல் ஆட, ஹைஸ்கூலில் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) இருக்க வேண்டும். அந்த 16இல் 10 பாடம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியல். பன்னிரண்டில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. பள்ளி ஆலோசகரிடம் போய், அவன் எடுத்த பாடங்கள் என்.சி.ஏ.ஏ. பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பட்டியலும், உங்கள் விசா விவரமும், கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் அடுத்த கடிதத்தில் வரட்டும். எந்தக் காலேஜ் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.