பொய்க்காலைப் பற்றி ஏஜென்சிக்குச் சொல்லவோ, மறைக்கவோ?

தம்பி, நீர் மூண்டு விசயம் கேட்டிருக்கிறீர்: கனடாவில, ஸ்காபரோப் பக்கம் பேஸ்மென்ட் வாடகை எவ்வளவு, வின்டர் ஜக்கெட் எங்க மலிவு, பொய்க்கால் போட்டிருக்கிறதை வெயார்ஹவுஸுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சியிட்டச் சொல்லவோ மறைக்கவோ எண்டு. முதல் ரெண்டுக்கும் உம்மோட இருக்கிற பெடியள் பதில் சொல்லுவினம். மூண்டாவதுக்கும் சொல்லுவினம், அது பிழையா இருக்கும்.

"மறை, வேலை எடுத்தாப் பிறகு பாக்கலாம்" எண்டுவினம். அரைவாசி சரி. விண்ணப்பப் படிவத்தில ஊனம் இருக்கோ எண்டு கேக்க ஒன்ராறியோ மாகாண மனித உரிமைச் சட்டம் விடாது. இன்டர்வியூவிலயும் நீராக வாய் திறக்கத் தேவையில்லை. ஆனால் வேலை தாறம் எண்டு சொன்ன கையோட, உமக்குத் தேவையானதை நீர்தான் கேக்கவேணும். கேக்காமல் விட்டால், பிறகு "எங்களுக்குத் தெரியாதே" எண்டு கையை விரிப்பினம்.

என்ன கேக்கிறது? சப்பாத்தில இருந்து துவங்கும். இஞ்ச வெயார்ஹவுஸுகளில பாதுகாப்புச் சப்பாத்துக்கான பச்சை முக்கோண அடையாளம் போட்ட இரும்பு மூக்குச் சப்பாத்து இல்லாமல் பெரும்பாலும் உள்ள விடாயினம். ஊரில போடுற ஜெய்ப்பூர்க் கால் எண்ட பொய்க்கால் வெறுங்காலோட நடக்கவும் தோதாச் செய்தது. அதில குதி உயர்ந்த சப்பாத்தை மாட்டினால் முழுக்காலும் முன்னுக்குச் சரியும், முழங்கால் மடங்கப் பாக்கும், ஷிப்ட் முடிய முன்னம் மிச்சக்கால் (வெட்டினதில மிஞ்சின பகுதி) உரஞ்சிப் புண்ணாகும். சப்பாத்தைக் கையில கொண்டுபோய், பொய்க்கால் கிளினிக்கில அந்தக் குதி உயரத்துக்குச் சரிக்கட்டவேணும். புதுக்கால் தேவையெண்டால் மாகாணத்தின்ர உபகரண உதவித் திட்டம் 75 வீதம் கட்டும்.

அடுத்தது, நிண்டு நிண்டு பின்னேரமாக மிச்சக்கால் சுருங்கும், அதை உள்ளுக்கு வைக்கிற சொக்கெட் தொளதொளக்கும். பொய்க்காலைக் கழட்டி மிச்சக்காலில இன்னொரு மேசு கூட்டிப்போட ஒரு கதிரையும் 10 நிமிசமும் வேணும். பிரச்சினை துவங்கிறது அந்த 10 நிமிசத்தில. டொக்டர் "லைட் டியூட்டி" (பாரமில்லாத வேலை) எண்டு கடிதத்தில ரெண்டு சொல்லு மட்டும் கிறுக்கித் தந்தால், "எங்களிட்ட லைட் டியூட்டி இல்லை, வீட்ட போ" எண்டு சுப்பவைசர் சொல்ல நீரே வழி விட்ட மாதிரி. தொடர்ந்து எவ்வளவு நேரம் நிக்கலாம், எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எத்தனை நிமிசம் இருக்கவேணும், ஏணி ஏறலாமோ, எத்தனை கிலோ தூக்கலாம், இது நிரந்தரமோ எண்டு கடிதத்தில இருக்கட்டும். கால் எப்பிடிப் போனது எண்டு எழுதத் தேவையில்லை. சண்டையில செல்லடிச்ச கதை அவையளுக்கு என்னத்துக்கு? கடிதத்துக்கு டொக்டர் காசு கேட்பார், மாகாண மருத்துவக் காப்புறுதி ஓஹிப் அதைக் கட்டாது.

கடிதத்தை ஈமெயிலில ஏஜென்சிக்கும் அனுப்பும், வேலை நடக்கிற கொம்பனிக்கும் அனுப்பும். ஒருத்தனை ஒருத்தன் காட்டுவான். சட்டத்தில ரெண்டு பேரும் பொறுப்பு. உம்மை நிப்பாட்டினதாக ஒருத்தரும் சொல்லாயினம். "இந்தக் கிழமை ஷிப்ட் இல்லை" எண்டு மெசேஜ் வரும். அதை அழிக்க வேண்டாம். முதல் 3 மாதம் உரிமையே இல்லை எண்டு சொல்லுறவையின்ர கதையையும் எடுக்க வேண்டாம். அந்த 3 மாதம் வேலையால நிப்பாட்டேக்க தாற நோட்டீஸ் காசுக்குத்தான். ஊனத்துக்காக ஒதுக்கினால் முதல் நாளே பிழை. செலவு, வெளியில கிடைக்கக்கூடிய நிதி, சுகாதாரமும் பாதுகாப்பும், இந்த மூண்டிலயும்தான் "தாங்கேலாது" எண்டு அவை வாதாடலாம். மற்ற வேலையாக்கள் முறுமுறுக்கிறது கணக்கில்லை. அதுக்காக நீர் ஆசைப்பட்ட வேலைதான் தரவேணும் எண்டும் இல்லை. பக்கிங் மேசையில ஸ்டூல் போட்டுத் தந்து அது உமக்குத் தோதா இருந்தால், வேண்டாம் எண்டால் பிழை உம்மில.

மனித உரிமைத் தீர்ப்பாயத்தில முறைப்பாடு போட சம்பவத்தில இருந்து 1 வருசம்தான். கட்டணம் இல்லை, மனித உரிமைச் சட்ட உதவி மையம் இலவசமா ஆலோசனை சொல்லும். வழக்கு வருசக்கணக்கா இழுபடும், அதையும் தெரிஞ்சு வையும். வங்கி, விமானக் கொம்பனி, மாகாணம் தாண்டிற ட்ரக் கொம்பனி எண்டால் முறைப்பாடு கனேடிய மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போகவேணும். கடைசிச் சம்பளத்தோட ரெண்டு கிழமைக் காசு கூடத் தந்து "ரிலீஸ்" (இனி உரிமை ஒண்டும் கேக்க மாட்டன் எண்டு எழுதிக் குடுக்கிறது) எண்டொரு தாளை நீட்டினால், உதவி மையத்தைக் கேக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டால் முறைப்பாட்டுக்கான வழியை நீரே அடைச்ச மாதிரி.

எங்கட ஆக்களிட்டக் கைக்காசு வேலை, அதாவது கணக்கில காட்டாமல் காசைக் கையில தாற வேலை எண்டு ஒண்டு இருக்கு. சட்டம் அங்கயும் செல்லும். ஆனால் சம்பளச் சீட்டு இல்லாமல் நீர் அங்க வேலை செய்ததையே நிரூபிக்க நாய்படாப் பாடு படவேணும். "எங்கட தமிழன்தானே, அனுசரிச்சுப் போ" எண்டு புத்தி சொல்ல ஆள் வரும். 90களில வந்து, ரெஸ்டோரன்ட் பின்பக்கம் ஊறுகாய் வாளியைக் கவிழ்த்து அதில குந்தி மேசு மாத்தின ஆக்களும் இதைத்தான் சொல்லுவினம்: "நாங்கள் சமாளிக்கேல்லையோ?" சமாளிச்சவைதான். இப்ப அவையளில கனபேருக்கு மற்ற நல்ல காலின்ர முழங்கால் போயிட்டுது.