கேமரா கேள்வி பதில்

பழைய சிறிய மிரர்லெஸ் கேமரா ஒன்று புதுச்சேரியில் விலைக்கு வருகிறது. அதன் திரையில் பார்த்தால் வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாண வேலைக்கு ஆகுமா என்று எப்படிச் சோதிப்பது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

மூன்று அங்குலத் திரையில் எந்த வீடியோவும் அழகுதான். பெரிய திரையில் போட்டால் பல்லிளிக்கும். அதனால் உங்கள் கார்டைப் போட்டு எடுத்து, வீட்டுக் கணினியில் 100 சதவீத அளவில் பார்த்த பிறகு விலை பேசுங்கள். கார்டு வி30 (வினாடிக்குக் குறைந்தது 30 எம்.பி. எழுதும் வேகம்) ஆக இருக்கட்டும். 4கே-யில் வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 750 எம்.பி. ஆகும்.

மெனுவில் பால் (PAL, நம் நாட்டு வீடியோ முறை), வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 வினாடி வைத்து, டியூப்லைட் எரியும் அறையில் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/60-ல் இருந்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊரும். அது கேமராவின் குற்றமல்ல. பால் இல்லாத கேமராவா? 30 பிரேமில் 1/100 வையுங்கள்.

அதே அறையில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 800, 1600, 3200, 6400 என்று பத்துப் பத்து வினாடி எடுங்கள். ஷட்டரைத் தொடாதீர்கள், எஃப் 2.8, 4, 5.6, 8 என்று அபர்ச்சரை (லென்ஸின் திறப்பை) குறைத்தால் வெளிச்சம் சமமாக இருக்கும். ஒருவரை உட்காரவைத்து அவர் தலைமுடியைக் கவனியுங்கள். புள்ளி தெரிவதை மன்னிக்கலாம். முடி இழை இழையாகத் தெரியாமல் மெழுகு பூசியதுபோல் ஆனால், அந்த ஐ.எஸ்.ஓ.வுக்கு மேல் மண்டபத்தில் போகக்கூடாது. 3200 வரை தாங்காத கேமராவை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

பிறகு கடற்கரைச் சாலைக்குப் போங்கள். காந்தி சிலையைச் சுற்றியுள்ள கருங்கல் தூண்களை நோக்கி, கேமராவை ஒரே வினாடியில் இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். வீடியோவை நிறுத்திப் பார்த்தால் தூண்கள் சாய்ந்திருக்கும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வரும் ரோலிங் ஷட்டர் இது. 4கே-யில் அதிகம், 1080-ல் பெரும்பாலும் குறைவு. கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை. மேடையில் சுழன்று ஆடுபவரை எடுக்கும்போது உடம்பே வளையும் அளவுக்குப் போனால் வேண்டாம். அங்கேயே ஒரு போட்டோவும் எடுத்து ஒப்பிடுங்கள். சில கேமராக்கள் 4கே-யில் ஓரங்களை வெட்டிவிடும். சின்ன மண்டபத்தில் குடும்பப் படத்துக்கு இடம் போதாது.

ஒயிட் டவுனில் சாய்பலகை வைத்த மர ஜன்னல்களை நோக்கி மெல்ல நடந்தபடி எடுங்கள். ஏதோ ஒரு தூரத்தில் பலகைகள் மேல் வண்ண அலை நெளிந்தால் அது மோயரே. நெருக்கக் கட்டமிட்ட பட்டுப்புடவையிலும் இதே தொல்லை வரும்.

கடைசியாக, நிழலில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். 29 நிமிடம் 59 வினாடியில் நின்றால் அது பழைய கேமராக்களின் கட்டுப்பாடு. பதினைந்து நிமிடத்தில் வெப்ப எச்சரிக்கை வந்தால், சித்திரை மாத முகூர்த்தத்துக்கு ஆகாது.

வெள்ளிக் கடற்கரையில் சூரிய உதயம் எடுத்தேன். வானம் வளையம் வளையமாகப் பிரிந்திருக்கிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?
– வாசகர், கூத்தப்பாக்கம்

லென்ஸுக்கு ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்க்காமல், கார்டில் உள்ள மூலக் கோப்பைப் பாருங்கள். அதிலும் இருந்தால், காரணம் 8 பிட் பதிவாக இருக்கலாம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், அந்தப் படிகளே வானத்தில் வளையமாகத் தெரியும். 10 பிட்டில் 1024. உங்கள் கேமராவில் 8 பிட் மட்டும் என்றால், லாக் முறையில் (பிறகு நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறை) எடுத்துப் பிறகு நிறத்தை இழுக்காதீர்கள். சாதாரண முறையில், வானத்தின் வெளிச்சம் சரியாக வரும்படி எடுங்கள்.