இலவச வைஃபை பலகையை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: கன்னியாகுமரி கடற்கரைச் சாலையில் ஒரு கடையின் முகப்பில், புள்ளியும் அதன்மேல் வளைகோடுகளும் கொண்ட வைஃபை படத்தை ஒட்டி, 'இலவசம்' என்று எழுதியிருந்தார்கள். கைபேசியைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே மாதிரியான சில பெயர்கள் தெரிந்தன. இந்தப் படம் இருந்தாலே அந்த இணைப்பு பாதுகாப்பானது என்று கொள்ளலாமா?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: கொள்ளக் கூடாது. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு ஒட்டலாம். வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு சான்றிதழ் தருவது உண்மைதான். ஆனால் அது கருவிகள் ஒன்றோடொன்று ஒத்து இயங்குமா என்பதற்கான சான்றே தவிர, கடையில் இணைப்பை நடத்துபவர் யார் என்பதற்கான சான்று அன்று.

இதைவிடத் தெளிவான ஒரு குறியீடு முன்பே இருந்தது. 2002-ஆம் ஆண்டு லண்டனில் மேட் ஜோன்ஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும், அமெரிக்காவில் வேலை தேடி ஊர் ஊராக அலைந்தவர்கள் தமக்குள் விட்டுச்சென்ற சுவர்க் குறிகளை முன்மாதிரியாகக் கொண்டு, கம்பியில்லா இணையம் கிடைக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறிக்கும் முறையை வகுத்தார்கள். முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு அரைவட்டங்கள் திறந்த இணைப்பையும், முழு வட்டம் மூடிய இணைப்பையும், வட்டத்துக்குள் இட்ட ஆங்கில 'டபிள்யூ' எழுத்து அக்காலத்துப் பூட்டு முறையான 'டபிள்யூஇபி' (WEP) கொண்ட இணைப்பையும் குறித்தன. குறிக்கு மேலே இணைப்பின் பெயரையும், கீழே வேகத்தையும் எழுதினார்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பிறர் இணைப்பைப் பயன்படுத்த இது வழிகாட்டியது என்ற கண்டனம் நியாயமானதே. ஆயினும் பெயர், நிலை, வேகம் ஆகிய மூன்றையும் ஒரு சுண்ணக்கட்டிக் குறி சொல்லியிருக்க, பணம் செலவழித்து அச்சிடும் இன்றைய பலகைகள் பெரும்பாலும் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

இவற்றுள் முதன்மையானது பெயர். தன் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கும் எவரும் அதற்குக் கடையின் பெயரையே சூட்டிவிட முடியும் என்பதால், பலகையில் சரியான எழுத்துக்கூட்டலுடன் பெயர் இல்லையென்றால், கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்னரே இணையுங்கள். பலகையில் கியூஆர் குறி இருந்தால், அதன்மேல் வேறொரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்று பெரும்பாலான தளங்கள் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன. எனினும் போலி நுழைவுப் பக்கத்தில் நீங்களாகவே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் அந்தக் குறியாக்கத்தால் பயனில்லை. எனவே வங்கிப் பணியைப் பொது இணைப்பில் செய்ய வேண்டாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நிபந்தனைகளையும் பலகையே சொல்ல வேண்டும். ரயில் நிலையங்களில் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல் வழங்கும் ரயில்வயர் இணைப்பில், கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி பெற்று நுழைந்தால், நாளொன்றுக்கு முதல் 30 நிமிடங்கள் கட்டணமில்லை. அதன்பின் கட்டணம் உண்டு. முக்கடல் காண வரும் வெளிநாட்டவரிடம் இந்திய எண் இல்லாமல் போகலாம். ஓடிபி தேவை என்பதைப் பலகையிலேயே அறிந்தால் அவர் வீணாகக் காத்திருக்க மாட்டார்.

கேள்வி: குளச்சலில் தேநீர்க் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு இணையம் தர விரும்புகிறேன். பலகையில் என்ன எழுதலாம்?
– கடை உரிமையாளர், குளச்சல்

பதில்: வீட்டு இணைப்பின் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதிவிடாதீர்கள், யாரேனும் அதைத் தவறாகப் பயன்படுத்தினால் விசாரணை முதலில் உங்களைத் தேடித்தான் வரும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தில், சிறு கடைக்காரரும் உரிமமோ உரிமக் கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை வழங்கலாம். பயனரை அடையாளம் காணும் பணியை, அவர் கைபேசியில் பயன்படுத்தும் செயலியும், இத்தகைய கடைகளை ஒருங்கிணைக்கும் நிறுவனமும் பார்த்துக்கொள்ளும்.

பலகையில் இணைப்பின் பெயர், நுழையும் முறை, கட்டணமில்லாத நேரம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கேரளத்திலிருந்து வருவோர் மிகுதி என்றால் மலையாளத்திலும் ஒரு வரி சேருங்கள். அதை வாசலில் மாட்டாமல், அலை நன்றாகக் கிடைக்கும் மேசைக்கு அருகில் மாட்டுங்கள். தடித்த சுவருக்கு அப்பால் அலை வலுவிழந்துவிடும். உப்புக் காற்றில் இரும்புத் தகடு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் பிளாஸ்டிக் பலகையே ஏற்றது. இணைப்பு பழுதான நாட்களில் பலகையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.