உலக விதை எண்ணோடு எக்ஸ், ஒய் சேர்ப்பது எப்படி?

கேள்வி: ஜாவாவில் 2டி விளையாட்டு எழுதுகிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'உலக விதை ^ எக்ஸ் ^ ஒய்' என்று விதை எண் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்) கொடுத்து மரம் நடுகிறேன். மூலைவிட்டம் நெடுக ஒரே தோப்பு வருகிறது. கூட்டிப் பார்த்தாலும் சரியாகவில்லை. ஏன்?

பதில்: ^ என்பது பிட் பிட்டாக ஒப்பிட்டு, ஒன்றானால் 0, வேறானால் 1 தரும் குறி. எக்ஸும் ஒய்யும் சமமானால் அது இரண்டையும் அடித்து 0 ஆக்கிவிடும். அப்போது மூலைவிட்டக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது வெறும் உலக விதைதான். போதாததற்கு (3,5)-உம் (5,3)-உம் இரட்டைப் பிள்ளைகள். கூட்டினால் (2,6), (3,5), (4,4) மூன்றும் 8. '31 * எக்ஸ் + ஒய்' போட்டாலும் (0,31)-உம் (1,0)-உம் மோதும்.

இன்னொரு வில்லங்கம் ஜாவாவின் ரேண்டம் கிளாஸிலேயே இருக்கிறது. விதை 0, 1, 2 கொடுத்து முதல் தசம எண்ணைக் கேளுங்கள்: 0.7310, 0.7309, 0.7311. விதையை அது 25214903917-ஆல் ஒரே ஒரு முறை பெருக்கி, 48 பிட்டுக்குள் சுருக்கி, மேல் பிட்டுகளை எடுத்துத் தருகிறது. விதை 1 நகர்ந்தால் விடை 0.00009 அளவுதான் நகரும். அதனால் விதைகள் மோதாமல் இருந்தால் மட்டும் போதாது, ஒன்றுக்கொன்று ஒட்டாமலும் இருக்க வேண்டும்.

ரேண்டம் எண் தரும் முறைகளில் ஒன்றான ஸ்பிளிட்மிக்ஸ்64-இன் கலக்கும் பகுதியே இதற்குப் போதும். அ என்பது உள்ளே வரும் எண். எல்லாம் லாங் (64 பிட் முழு எண்):

அ = அ + (-7046029254386353131)
அ = (அ ^ (அ >>> 30)) * -4658895280553007687
அ = (அ ^ (அ >>> 27)) * -7723592293110705685
விடை: அ ^ (அ >>> 31)

எண்களின் கடைசியில் லாங்குக்கான 'எல்' போட மறக்காதீர்கள். >>> (பிட்டுகளை வலப்புறம் தள்ளி இடப்புறம் 0 நிரப்பும் குறி) இருக்க வேண்டிய இடத்தில் >> போட்டால் எதிர்ம எண்களில் குறி பிட் இழுபட்டு வரும், கலவை கெடும்.

இதை 'கலக்கு' என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள்:

வி = கலக்கு(உலகம்)
வி = கலக்கு(வி ^ எக்ஸ்)
வி = கலக்கு(வி ^ ஒய்)
வி = கலக்கு(வி ^ வேலை)

நடுவில் கலக்குவதால் வரிசை மாறினால் விடையும் மாறும். 'வேலை' என்பது மரத்துக்கு 1, தாதுவுக்கு 2 என நீங்களே வைக்கும் எண். இது இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே ரேண்டம் வைத்தால், நாளை மரத்துக்குக் கூடுதலாக ஒரு எண் எடுத்ததும் தாதுவெல்லாம் இடம் மாறிவிடும். சோம்பல்பட்டு ஈனமின் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) ஹேஷ்கோடை, அதாவது ஜாவா அதற்குத் தரும் எண்ணை, இங்கே கொடுக்க வேண்டாம். அது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடியது.

எக்ஸை இடப்புறம் 32 பிட் நகர்த்தி ஒய்யுடன் | போட்டு ஒட்டுபவர்களும் உண்டு. ஒய் எதிர்ம இன்ட் (32 பிட் முழு எண்) ஆனால் மேல் 32 பிட்டும் 1 ஆகி எக்ஸ் காணாமல் போகும். ஒய்யை முதலில் 4294967295-உடன் & செய்ய வேண்டும்.

கிடைத்த விதையை இன்ட்டாக வெட்டாதீர்கள். 32 பிட்டில் சுமார் 77,000 கட்டங்களுக்குள் எங்காவது இரண்டு மோத பாதிக்குப் பாதி வாய்ப்பு. லாங்காகவே ஜாவாவின் ஸ்பிளிட்டபிள்ரேண்டம் கிளாஸுக்குக் கொடுங்கள்.

கலக்கும் முறையை மாற்றினால் பழைய உலகங்கள் உருமாறும். சேவ் கோப்பில் விதையோடு முறையின் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். இப்போதிருக்கும் ^ முறை 1, இது 2.