பனிக்குக் கீழே இருக்கும் கூரை

தக்கலையிலிருந்து வந்து கனடாவின் பிராம்டனில் வீடு வாங்கியிருக்கும் தம்பி கேட்டிருந்தார்: "ஜனவரியில் எடுத்த வீட்டு ஆய்வு அறிக்கையில், கூரை பனியால் மூடியிருந்ததால் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கூரைக்கென்று தனியாக ஆள் கூப்பிட வேண்டுமா, வீண் செலவா?"

கூப்பிடுங்கள் தம்பி. நீங்கள் வாங்கிய கூரையை உங்களுக்காக இதுவரை யாருமே பார்க்கவில்லை என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம்.

நம்மூரில் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் ஏறுவார். உடைந்ததை மாற்றி, கழுக்கோலைத் தட்டிப் பார்த்து, கரையான் இருந்தால் சொல்லிவிட்டு இறங்குவார். ஒழுகினால் ஓட்டைப் பார்த்தால் போதும். இங்கே அந்தக் கணக்கு சரிவராது.

நாங்கள் குடிவந்த மூன்றாம் வருடம், மார்ச் மாதம், படுக்கையறை சீலிங்கில் சாயா சிந்தியது போல ஒரு கறை. முதலில் வந்தவர் கூரை போடும் காண்ட்ராக்டர். கீழே நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டு, ஷிங்கிள், அதாவது ஓட்டுக்குப் பதிலாக இங்கே கூரையில் அடிக்கும் தார் அட்டை, முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆய்வு மட்டும் செய்கிற வேறொருவரைக் கூப்பிட்டேன். அவர் மேலே ஏறிப் பார்த்த பிறகு ஆட்டிக்குக்குள்ளும் போனார். ஆட்டிக் என்பது நம்மூர் மச்சு மாதிரி, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் இடம். அரை மணி நேரம் கழித்து என்னையும் ஏணியில் ஏறச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். பலகையைத் துளைத்து வந்த ஆணி முனையெல்லாம் துரு, சுற்றிலும் கருப்பாகப் பூஞ்சை. குளியலறை விசிறியின் குழாய் கழன்று, ஈரக்காற்றை அங்கேயே ஊதிக்கொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்கப் பலகையில் உறைந்த அந்த ஈரம்தான் மார்ச்சில் உருகிச் சொட்டியிருக்கிறது. ஷிங்கிளில் ஒரு குறையும் இல்லை.

அதனால், வருகிறவர் ஆட்டிக்குக்குள் போவாரா, படத்தோடு எழுதித் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். புகைபோக்கி ஓரத்துத் தகடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்; பல ஒழுக்குகள் அங்கேதான் தொடங்கும். ஷிங்கிள் எந்த வருடம் போட்டது என்று விற்றவரிடம் விசாரியுங்கள். இந்தக் குளிரில் பொதுவாக 15 முதல் 25 வருடம் தாங்கும். கூரைத் தண்ணீர் ஓடும் தகரவாய்க்காலில் ஷிங்கிளின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கல்துகள்கள் மணவாளக்குறிச்சிக் கருமணல் போல உதிர்ந்து கிடக்கும். புதுக் கூரையிலும் கொஞ்சம் உதிரும், பயப்பட வேண்டாம். பழைய கூரையில் அப்படிக் குவிந்து, ஷிங்கிளும் அங்கங்கே வழுக்கையாகத் தெரிந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது.

இப்போதே ஒன்று செய்யலாம். கூரை விளிம்பில் தடித்த பனிக்கட்டி தொங்குகிறதா என்று தரையிலிருந்தே பார்த்து, படம் எடுத்து வையுங்கள். வீட்டுச் சூடு ஆட்டிக்குக்குக் கசிந்து, மேலே பனி உருகி, குளிர்ந்த விளிம்பில் மறுபடி உறைந்து அணை கட்டும். பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் ஏறிவிடும். அந்தப் படம் ஆய்வாளருக்கு மிகவும் உதவும். நீங்களாக ஏணி போட்டு ஏற வேண்டாம்.

ஏப்ரலில், கூரை காய்ந்த பிறகு நாள் குறியுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் நானும் வந்து கூட நிற்கிறேன்.